அமைதியைத் தேடிப் போய்ப் பதினோரு கோழி அறுத்த கதை

வெளிநாட்டுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. எல்லோரும் போகிற பேர்பெற்ற ஊருக்கே போய், எல்லோரும் பார்த்ததையே பார்த்து, எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வருகிறவர்கள் ஒரு ரகம். 'ஐயே, அங்கெல்லாம் ஒரே கூட்டம், நமக்கு ஒத்துவராது' என்று மூக்கைச் சுளித்துவிட்டு, வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற ஊராகப் பார்த்துத் தேடிப் போகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தார் மனிதர்கள். இரண்டாம் ரகத்தைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. ஒரு எட்டு நாளைக்கு நானே அதற்குத் தலைவனாக இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் வேலை. (தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஷாப்பு என்கிறார்களே, ஏதாவது வாங்கலாம் என்று யாரும் வந்துவிட வேண்டாம். வாசலிலேயே உங்கள் மூக்கு உங்களைத் திருப்பிக் கூட்டிப் போய்விடும்.) வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம் என்று சந்தை சந்தையாகப் போய் ஆட்டுத்தோல் வாங்கிவருவது என் உத்தியோகம். அந்தத் தொழிலில் முதல் நாளே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். யாரைப் பற்றிக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லக்கூடாது.

சந்தையில் தோல் கொண்டுவருகிறவன், "நம்ம பெரியசாமி அனுப்பிவிட்டாப்ல" என்பான். 'எந்தப் பெரியசாமி?' என்று கேட்டால் தொலைந்தது. நீ புது ஆள், உன் தலையில் ஓட்டைத் தோலைக் கட்டிவிடுவான். "அட, தெரியுமே, நம்ம ஆளுதான்! எப்படி இருக்காரு?" என்று கேட்டால் நீ பழைய ஆள், நல்ல தோல் உன் பக்கம் வரும். நான்கு வருஷம் இதையே சொல்லிச் சொல்லி, 'தெரியாது' என்ற சொல்லே என் வாயில் வராமல் போய்விட்டது. வீட்டில் "உப்பு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டால்கூடத் தெரியும் என்றுவிட்டுத்தான் தேட ஆரம்பிப்பேன்.

அந்த வருஷம் ஷாப்பு முதலாளி ஹாஜியாருக்கு ஏதோ சரக்கு கப்பலேறி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மனசு குளிர்ந்துபோய் என்னைக் கூப்பிட்டார். "ஏலே காதரு, கலியாணமாகி ரெண்டு வருசமாச்சு, பொண்டாட்டிய எங்கிட்டாவது கூட்டிட்டுப் போயிருக்கியா? எட்டு நாள் லீவு தாரேன். சிலோனுக்குப் போயிட்டு வா. கொழும்புல நம்ம ஆளு கடைக்கு மேல ஒரு ரூமு இருக்கு, சொல்லி வைக்கிறேன்" என்றார்.

ஜமீலாவிடம் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வருவதற்கு முன்பே அவள் மனசு கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே தலைக்கு மேலே மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பஸ் ஓடுகிறதாம், பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். அதில் ஏறிக் கடற்கரையில் இறங்க வேண்டும்.

"இறங்கி?" என்று கேட்டேன்.

"இறங்கிச் செத்த நேரம் நடக்கணும் மச்சான்."

"நடக்கிறதுக்கு எதுக்குக் கொழும்பு?"

"நம்ம தெருவுல நான் முக்குத் திரும்புறதுக்குள்ள நாலு பேரு 'ஜமீலா, எங்க போற?'ங்குறாங்க. அங்க என்னைய ஒருத்தருக்கும் தெரியாதுல்ல? எங்க போறேன்னு யாரும் கேக்கக் கூடாது. யாரு மகளுன்னு, யாரு பொண்டாட்டின்னு கேக்கக் கூடாது. சும்மா நடக்கணும். அம்புட்டுத்தான் என் ஆசை."

இதற்கு மேல் ஒரு மனுஷி எவ்வளவு மலிவாக ஆசைப்பட முடியும்? அறிவுள்ளவனாக இருந்தால் அன்றைக்கே சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் நான் அப்போது பத்திரிகை படிக்கிறவனாக இருந்தேன். ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு புண்ணியவான் பயணக் கட்டுரை எழுதிவந்தார். நகரங்களில் மனிதன் தன்னைத் தொலைக்கிறான், மலைச்சாரலில் கண்டெடுக்கிறான் என்கிற தினுசில் இருக்கும். (அவர் தன்னை எங்கே கண்டெடுத்தார் என்று தெரியவில்லை. கட்டுரையோடு வந்த படத்தில் ஹோட்டல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.) அதைப் படித்துவிட்டு நான் பேசிய பேச்சு இருக்கிறதே!

"கொழும்புக்கு எல்லாருந்தான் போறாங்க ஜமீலா. கூட்டத்துல போய் இடிபடுறதுக்கா கடல் தாண்டுறோம்? பண்டாரவளைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரு. மலை, மேகம், அமைதி. மனுச நடமாட்டமே கிடையாதாம்."

"அமைதி வேணும்னா நம்ம சிறுமலைக்குப் போனாப் போதாதா? அதுக்கு எதுக்குக் கப்பலு?"

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பதில் இல்லாத இடத்தில் குரலை உயர்த்தினேன். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. முதலில் மலையில் மூன்று நாள் அமைதி, பிறகு கொழும்பில் ஒரு முழு நாள் கம்பி பஸ்ஸும் கடற்கரையும். "கொழும்பு கண்டிப்பா உண்டுல்ல?" என்று அவள் மூன்று தடவை கேட்டாள். "இது என்ன கேள்வி?" என்று மூன்று தடவையும் கோபித்துக்கொண்டேன்.

மதுரை போய், தனுஷ்கோடி ரயில் பிடித்து, கப்பலேறினோம். கடல் கொஞ்சம் ஆடியது. அதற்கே நான் மூன்று முறை கம்பியைப் பிடித்துக் குனிந்து, ஊரில் சாப்பிட்டது அத்தனையையும் பாக் நீரிணைக்குக் கொடுத்துவிட்டேன். ஜமீலா ஒரு குலுக்கலும் இல்லாமல் எலுமிச்சம்பழம் முகர்ந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமன்னாரில் ஏறிய ரயில் விடிகிற வேளையில் பொல்காவலை ஜங்ஷனில் நின்றது. நேரே போனால் கொழும்பு. மாறி ஏறினால் மலை. எங்களோடு வந்த சனம் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய புத்திசாலி நான் ஒருவன்தான். பிளாட்பாரத்தில் நின்று, கொழும்புக்குப் போகும் அந்தப் பெட்டிகள் நகர்வதை ஜமீலா கடைசிப் பெட்டி மறைகிறவரை பார்த்தாள். "மூணே நாளுதான்" என்றேன்.

மலை ரயில் வளைந்து வளைந்து ஏறி, பிற்பகலில் எங்களை ஒரு குட்டி ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போயிற்று. பனிமூட்டம். மிளகுக்கொடி. வாழைமரம். தூறல். ஜமீலா சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"சிறுமலையேதான் மச்சான்" என்றாள். "அங்க ரெண்டு பஸ்ஸாவது வரும்."

அவள் காலில் அட்டை ஏறியிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நான் மூச்சை ஆழமாக இழுத்து, "ஆகா, என்ன அமைதி!" என்றேன். அந்த ஊரில் நான் அனுபவித்த அமைதி அந்த ஒரு மூச்சோடு சரி.

பெட்டியைத் தூக்க வந்த போர்ட்டர், "பாய் எந்த ஊருங்க?" என்றான். தமிழைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, "திண்டுக்கல்" என்றேன். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். ஏன் ஓடுகிறான் என்று புரியாமல் நாங்களே பெட்டியைச் சுமந்துகொண்டு ரெஸ்ட் ஹவுஸ் போய்ச் சேர்ந்தோம். முகம் கழுவி முடிப்பதற்குள் வாசலில் பதினைந்து பேர்.

விஷயம் இதுதான். அந்த மலையைச் சுற்றி இருந்த தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஆட்களில் பாதிப் பேருடைய அப்பனும் பாட்டனும் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள். வேடசந்தூர், வடமதுரை, கீரனூர் என்று மூலைக்கு ஒருவர். நான் அமைதியைத் தேடிக் கடல் கடந்து, சரியாக என் சந்தை வட்டாரத்துக்குள்ளேயே போய் விழுந்திருக்கிறேன்.

முன்னால் நின்றவர் கருப்பையா கங்காணி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. ஐம்பது வயசு, முறுக்கு மீசை, முகத்தில் சிரிப்பே இல்லை. "வாங்க பாய். ஊர்க்காரவுக வந்திருக்கீகன்னாங்க. வேடசந்தூருல ரெட்டைக் கிணத்து ராமசாமின்னு ஒருத்தரு... உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"தெரியுமே! நம்ம ஆளுதான்."

"அப்படிங்களா! சௌக்கியமா இருக்காரா?"

"சௌக்கியத்துக்கு என்ன? இப்பக் கொஞ்சம் முட்டிவலி."

கங்காணி தலையைத் தலையை ஆட்டினார். "ஆமா, அவருக்கு அந்தக் காலத்துலயே முட்டி சரியில்லதான்" என்றார். அவ்வளவுதான், வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். ஒருவருக்குச் சித்தப்பா. ஒருவருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. எல்லோரையும் எனக்குத் தெரிந்தது. சித்தப்பா புதிதாக ஓட்டு வீடு கட்டியிருந்தார். தங்கச்சிக்குப் போன மாசம் பேரன் பிறந்தான். ஒருத்தருடைய ரயில்வேக்கார மாமனுக்குக் கண்ணாபரேஷன் செய்து பார்வை திரும்பிவிட்டது. பச்சை விளக்கு சிவப்பு விளக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறதாம். எத்தனை செத்தவர்களை எழுப்பி உட்காரவைத்தேனோ, எத்தனை பிரம்மச்சாரிகளுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தேனோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஜமீலா கதவோரம் நின்று வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

மறுநாள் காலையில் கோழிகள் வர ஆரம்பித்தன. ஊர்க்காரருக்கு விருந்து வைக்க வேண்டும் என்று தோட்டத்துச் சனம் முடிவு கட்டிவிட்டது. நாங்கள் ஹலால்தான் சாப்பிடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. உயிரோடு கோழியைக் கொண்டுவந்து, கத்தியையும் என் கையில் கொடுத்து, "நீங்களே ஓதி அறுத்துக் குடுத்துருங்க பாய். கொழம்பு வச்சு நாங்க கொண்டாறோம்" என்றார்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் அறுத்த ஆட்டின் தோலைத்தான் வாங்குகிறவன். அறுக்கிற இடத்தில் நின்றதுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் அத்தா அறுப்பார், நான் அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போயிருப்பேன். முதல் கோழி என் கையிலிருந்து தப்பி, ரெஸ்ட் ஹவுஸ் கூரையில் ஏறிக்கொண்டது. தோட்டத்துச் சனம் அண்ணாந்து பார்த்தது. நான் கத்தியோடு ஏணியில் ஏறினேன். (மலைச்சாரலில் மனிதன் தன்னைக் கண்டெடுக்கிறான் என்று எழுதினாரே, அவர் என்னை அப்போது கண்டெடுத்திருக்க வேண்டும்.) மூன்றே நாளில் பதினோரு கோழி. கடைசிக் கோழிக்கெல்லாம் கை நடுங்கவில்லை, பிஸ்மில்லாவும் குழறவில்லை. அந்த மலையிலிருந்து நான் கற்றுக்கொண்டு வந்த ஒரே வித்தை அதுதான்.

சாப்பாட்டுக்கு நடுவே விசாரிப்பு. விசாரிப்புக்கு நடுவே மழை. ஜமீலா வாசலில் கால் வைத்தால் போதும், "அக்கா எங்க போறீக?" என்று லயத்துப் பெண்கள் நாலு பேர் கூடவே வந்தார்கள். (தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர்.) "அக்கா யாரு மக? மாமியா வீடு எது?" என்றும் கேட்டார்கள். எங்கள் தெருவில்கூட இவ்வளவு துருவிக் கேட்க மாட்டார்கள். கூட வந்தவர்களில் கங்காணியின் மகள் பாக்கியமும் ஒருத்தி. பதினெட்டு வயசிருக்கும், பேச்சு குறைவு. ஜமீலாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கங்காணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"பாய், நம்ம பாக்கியத்துக்கு ஊர்லருந்து ஒரு எடம் வந்திருக்கு. வடமதுரை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல சுப்பையா மகன், மாரிமுத்துன்னு பேரு. பையனத் தெரியுமா?"

இந்த இடத்திலாவது நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். கடிக்கவில்லை.

"மாரிமுத்துவா? தெரியுமே! தங்கமான பையன். வெத்தலைகூடப் போட மாட்டானே!"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கொழும்பு ரயில். அன்று ஏறினால் இரவு தங்கி, அடுத்த நாள் முழுவதும் கொழும்பு. அந்த ரயிலை விட்டால் மறுநாள் ரயிலில் போய் வழியிலேயே பொல்காவலையில் இறங்கித் தலைமன்னார் வண்டியைப் பிடிக்கத்தான் நேரம் இருக்கும். கப்பல் டிக்கெட்டும் ஹாஜியாரின் லீவும் அதற்கு மேல் நீளாது. ஜமீலா விடிவதற்கு முன்பே குளித்து, பச்சை நைலக்ஸ் சேலை கட்டி, மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பாக்கியம் மட்டும் ஒரு தேயிலைப் பொட்டலத்தோடு வேகுவேகென்று ஓடிவந்தாள்.

பொட்டலத்தை ஜமீலா கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "அக்கா... அண்ணனுக்கு அவரத் தெரியுமாம்ல. ஒசரமா, குட்டையான்னு கேட்டுச் சொல்லுங்க அக்கா. நான் அந்த ஊரையும் பாத்ததில்ல. ஒருத்தரையும் தெரியாது. அதுவாவது தெரிஞ்சா, மனசுல ஒரு உருவத்த நெனச்சுக்கிருவேன்."

ஜமீலா என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. ஒசரமா, குட்டையா?"

"நடுத்தரம்" என்றேன்.

பாக்கியம் முகம் மலர்ந்து ஓடிவிட்டாள். ஜமீலா மட்டும் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரெண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு என் 'நடுத்தரம்' எப்படிப்பட்டது என்று தெரியாதா?

"மச்சான், அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க. அந்தப் பையனத் தெரியுமா?"

தூரத்தில் ரயில் ஊதியது. நான் பெட்டியைக் கையில் எடுத்தேன். "ரயில் வந்துருச்சு ஜமீலா, ஏறிட்டுப் பேசிக்கிருவோம்."

"தெரியுமா, தெரியாதா?"

வாழ்க்கையில் ஒரு ஆளிடமும் சொல்லாத அந்தச் சொல் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. ரயில் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. பிளாட்பாரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"ஏய், என்ன இது? கொழும்பு! கம்பி பஸ்ஸு! கடற்கரை! நீதானே உசிரை விட்ட?"

"யாருக்கும் நம்மளத் தெரியாத ஊர்ல நடக்கணும்னுதான் ஆசப்பட்டேன். யாருன்னே தெரியாதவனுக்கு இந்தப் புள்ளையக் கட்டிக் குடுத்துட்டுப் போயி எப்படி மச்சான் நடப்பேன்? கால் நகருமா?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "போங்க. போயி உண்மையச் சொல்லிட்டு வாங்க. நானும் வாரேன்."

"ஒரு கடிதாசி போட்டுருவோமே!"

"நீங்க எழுதுற கடிதாசியா?" என்றாள்.

ரயில் போயிற்று. அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை நினைத்தால் இன்றைக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் லயத்துக்குப் போனோம். வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம். எங்களைப் பார்த்ததும் சனம் கூடிவிட்டது. எனக்கு ஒரு ஸ்டூல் வேறு போட்டார்கள். நான் நின்றுகொண்டே, தரையைப் பார்த்து, தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எனக்கு மாரிமுத்துவைத் தெரியாது. சித்தப்பாவைத் தெரியாது. கண்ணாபரேஷன் மாமனைத் தெரியாது. ரெட்டைக் கிணத்து ராமசாமியையும் தெரியாது. முட்டிவலி நானாகக் கொடுத்தது.

இனி அடிதான் என்று நினைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் வழியைப் பார்த்தேன். அப்போது கங்காணியின் மீசை லேசாக ஆடியது. பிறகு தோள் ஆடியது. பிறகு லயமே ஆடியது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெட்டைக் கிணத்து ராமசாமின்னு ஒருத்தன் பொறக்கவே இல்ல பாய்!" என்றார் கங்காணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஊர்லருந்து ஆரு வந்தாலும் மொத அவனத்தான் கேப்போம். 'தெரியாது'ன்னா நல்ல ஆளு. நீங்க அவனுக்கு முட்டிவலியே குடுத்துட்டீக!"

அந்த முட்டிவலியைக் கேட்டதுமே வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டதாம், இரவுக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டதாம். அதற்கப்புறம் வந்தவர்கள் பாதிப் பேர் இல்லாத சித்தப்பாவையும் பொறக்காத தங்கச்சியையும்தான் விசாரித்திருக்கிறார்கள். "அப்புறம் எதுக்கய்யா எனக்குக் கோழி குடுத்தீக?"

கங்காணி சிரிப்பை நிறுத்தினார். "பொய்யோ மெய்யோ, பேச்சு நம்ம ஊர்ப் பேச்சுல்ல பாய். காதுக்கு நல்லாருந்துச்சு. இந்த மலையில மழைய விட்டா எங்களுக்குப் பொழுதுபோக்கு ஏது?"

நான் அமைதியான ஊரை வேடிக்கை பார்க்கப் போனேன். அந்த ஊர் மூன்று நாளாக என்னை வேடிக்கை பார்த்திருக்கிறது.

"பொண்ணு விசயத்துலயும் கவலப்படாதீக. மூணு எடத்துக்குக் காயிதம் போட்டிருக்கேன். உங்க வாய நம்பியா பொண்ணக் குடுப்பேன்?" என்றார் அவர். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. விளையாட்டை அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. அவள் ஒருத்திதான் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பியிருந்தாள். ஜமீலா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஊருக்குப் போயி என் கண்ணால பாத்துட்டு எழுதுறேன்" என்றாள்.

அடுத்த நாள் ரயிலில் பொல்காவலையில் இறங்கினோம். தலைமன்னார் வண்டி வரும்வரை கொழும்புக்குப் போகும் வண்டிகள் இரண்டு எங்கள் முன்னால் வந்து நின்றுவிட்டுப் போயின. ஜமீலா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "டீ குடிக்கிறியா?" என்றேன். வேண்டாம் என்றாள்.

ஊருக்கு வந்த வாரமே என்னை இழுத்துக்கொண்டு வடமதுரை போனாள். ரயில்வே கேட், சுப்பையா வீடு, மாரிமுத்து. தென்னைமரம் மாதிரி உயரம். வாய் நிறைய வெற்றிலை. இரண்டு விஷயம் சொல்லி இரண்டும் தப்பு. ஜமீலா அந்த வீட்டுப் பெண்களோடு அரை நாள் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்து, தானே கடிதம் எழுதினாள்: 'நல்ல ஒசரம். வெத்தலை போடுவாரு. அம்மாவ மரியாதையாப் பேசுறாரு. மத்தத உங்க அப்பா விசாரிக்கட்டும்.' அந்தக் கலியாணம் நடந்தது. பாக்கியம் வடமதுரைக்கு வந்து சேர்ந்தாள்.

கொழும்புக்கு இன்னொரு தடவை கூட்டிப் போகிறேன், இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு மார்கழியில் புயல் வந்து தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போயிற்று. ரயில் போயிற்று, கப்பல்துறை போயிற்று, மனிதர்கள் போனார்கள். ஜமீலா பேப்பரைப் படித்து மடித்து வைத்தாள். அழுதுகொண்டே, "பாவம், எம்புட்டு சனம்" என்றாள். கொழும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த வருஷம் மெட்ராஸுக்கு ஷாப்பு வேலையாகப் போகும்போது அவளையும் அழைத்துப் போனேன். சாயங்காலம் கடற்கரை. கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். ஜமீலா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பத்தடி தள்ளி நான் நடந்தேன். அவளாகவே திரும்பி, "மச்சான், இதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல். "காதர் பாய்! திண்டுக்கல் காதர் பாய்!"

திரும்பினால் ஆம்பூர்க்காரர் ஒருவர். எங்கள் ஷாப்பில் வருஷத்துக்குப் பாதிச் சரக்கு எடுக்கிறவர். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவருகிறார். வந்தால் விடமாட்டார். வீட்டுக்கு இழுத்துப் போவார், பிரியாணி போடுவார், ஜமீலாவை அவர் வீட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டு 'யாரு மக' என்று ஆரம்பிப்பார்கள். ஜமீலா செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைக்க ஆரம்பித்தாள். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

"யாருங்க நீங்க?" என்றேன் அவரிடம். "எனக்குத் தெரியலையே."

"பாய், நான்தான்..."

"தெரியாதுங்க. நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுறீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் சுருங்கிப்போய், மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார். ஜமீலா செருப்பைத் திரும்பக் கையில் எடுத்தாள். விளக்கு போடுகிற நேரம்வரை நடந்தோம். இந்தத் தடவை பத்தடி தள்ளி அல்ல, பக்கத்தில்.

அடுத்த மாசம் அந்த ஆம்பூர்க்காரர் திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டார். அவரை நான் வீட்டுக்கு அழைத்து வந்து விருந்து வைத்தேன். கோழியை நானே அறுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே என்னை உற்று உற்றுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பாய், மெட்ராஸ் பீச்சுல ஒருத்தனைப் பார்த்தேன். அச்சு அசல் உங்களை மாதிரியே. ஆனா படு திமிர் பிடிச்சவன். பெண்டாட்டி கூட வந்திருக்கான், ஒரு மரியாதை இல்லை."

"அவனா? எனக்குத் தெரியுமே!" என்றேன். "அவன் எப்பவும் அப்படித்தான்."

அடுப்படியில் சட்டி விழுந்து உருண்டது. ஜமீலா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் ரசம் இல்லாமல் போயிற்று.

இன்றைக்கும் என்னைத் தேடி யாராவது வேண்டாதவர் வாசலுக்கு வந்தால், என் பேத்தி அவர்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து காதோடு கேட்பாள்: "நன்னா, இருக்கிறது திண்டுக்கல்காரரா, மெட்ராஸ்காரரா?" (திண்டுக்கல்காரர் எல்லோரையும் தெரிந்தவர், மெட்ராஸ்காரர் யாரையும் தெரியாதவர்.) நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து ஜமீலா சொல்லிவிடுவாள்: "மெட்ராஸ்காரர்தான். என்னோட நடக்கப் போயிட்டாருன்னு சொல்லு."